பழைய லென்ஸ் வாங்கும் முன் அதற்கு ஒரு காய்ந்த இடம் பாருங்கள்

கேமராவுக்குப் பழைய லென்ஸ் வாங்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த லென்ஸ் நல்லது, எவ்வளவு கொடுக்கலாம் என்பதைத்தான். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், நாகர்கோவில் என்று கடல்காற்று வீசும் ஊர்களில் இருப்பவர்கள் அதற்கும் முன்னால் யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வாங்கிய லென்ஸை எங்கே வைக்கப்போகிறீர்கள்? குளிர்ந்த, காய்ந்த ஊர் ஒன்றில் நாற்பது வருடம் அலமாரியில் கிடந்தும் பளிச்சென்று இருந்த லென்ஸ், இங்கே வந்து ஒரு ஐப்பசி, கார்த்திகையைத் தோல் பைக்குள் கழித்தால் போதும், உள்ளே ஃபங்கஸ் பிடித்துவிடும். அதனால் லென்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு அது தங்கப்போகும் டப்பாவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபங்கஸ் என்பது பூஞ்சைதான். மழைக்காலத்தில் தோல் செருப்பிலும் பெல்ட்டிலும் வெள்ளையாகப் படிகிறதே, அதே வகையறா. அதன் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன, உங்கள் லென்ஸுக்குள்ளும் இந்த நிமிடம் சில இருக்கும், அவற்றை முழுக்க வெளியேற்ற யாராலும் முடியாது. அவை முளைக்கத்தான் சில வசதிகள் தேவை: ஈரம், இருட்டு, அசையாத காற்று, கொஞ்சம் தீனி. ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் தன் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தரும் குறிப்பில் இதை எண்களாகவே சொல்கிறது. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் மூன்று நாட்களுக்கும் அதிகமாக நீடிப்பது, வெப்பம் 10 முதல் 35 டிகிரிக்குள் இருப்பது. கோடையின் சூடான பகல்களை விட்டுவிட்டால் சென்னையின் வருடம் முழுவதுமே அந்த வெப்பத்துக்குள் அடங்கிவிடும். ஈரப்பதமும் பெரும்பாலான காலைகளில் 70-ஐத் தாண்டியே இருக்கும், வடகிழக்குப் பருவமழை நாட்களில் பகல் முழுக்கவே அப்படித்தான். ஆக இந்தப் பட்டியலில் வெப்பத்தை நாம் மாற்ற முடியாது, வித்துகளை ஒழிக்க முடியாது, நம் கையில் இருப்பது ஈரம் மட்டும்தான்.

கண்ணாடியைத் தின்று எது வளரும் என்று கேட்கலாம். அது தின்பது கண்ணாடியை இல்லை, கண்ணாடியின் மேல் இருப்பவற்றை. தூசி, துணி நூல், விரல் ரேகையின் எண்ணெய், போகஸ் ரிங்குக்குள் (படத்தின் தெளிவைச் சரிசெய்யத் திருப்பும் வளையம்) போட்ட கிரீஸிலிருந்து ஆவியாகி உள்பக்கம் படிந்த மெல்லிய படலம், இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பழைய பசை, இவ்வளவும் அதற்குச் சாப்பாடு. வளரும்போது அது அமிலத்தைக் கசிய விடுகிறது. அந்த அமிலம் முதலில் கண்ணாடியின் மேல் பூசியிருக்கும் மெல்லிய கோட்டிங்கை அரிக்கும், அப்புறம் கண்ணாடியையே அரிக்கும். ஆரம்பத்தில் துடைத்தால் தடம் தெரியாமல் போய்விடும், வருடக்கணக்கில் விட்டால் துடைத்த பிறகும் பூஞ்சையின் வடிவம் அப்படியே கண்ணாடியில் பதிந்து நிற்கும். பழைய லென்ஸ்களில் கிரீஸ் ஆவியாகிப் படிய பல பத்தாண்டுகள் கிடைத்திருக்கின்றன என்பதால் புது லென்ஸை விட அவற்றில் தீனி அதிகம்.

ஈரப்பதம் என்று சதவீதத்தில் சொல்கிறார்களே, அது எதற்குச் சதவீதம் என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். காற்று சூடாக இருந்தால் அதிக நீராவியைத் தாங்கும், குளிர்ந்தால் குறைவாகத் தாங்கும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவி வரை தாங்கும். அதில் 24 கிராம் இருந்தால் ஈரப்பதம் 80 சதவீதம். அதே 24 கிராமோடு இரவில் காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தால், நீர் ஒரு சொட்டும் கூடாமலேயே ஈரப்பதம் 100-ஐத் தொட்டுவிடும். மூடிய பீரோவுக்குள் விடியற்காலையில் நடப்பது இதுதான். அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்கள் மர அலமாரிக்குள் சின்ன குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு வைத்ததற்குக் காரணமும் இதுவே. பல்பு நீரை எடுக்கவில்லை, காற்றைச் சூடாக்கிச் சதவீதத்தைக் குறைத்தது. நல்ல வழிதான், ஆனால் இப்போது கடையில் கிடைக்கும் எல்இடி பல்பில் அந்தச் சூடு கிடையாது, பழைய பல்பு கிடைத்தாலும் மூடிய அலமாரிக்குள் இரவெல்லாம் எரிய விடுவது தீ விபத்துக்கு வழி. அதைப் பின்பற்ற வேண்டாம்.

இப்போது டப்பாவுக்கு வருவோம். ஒன்றிரண்டு லென்ஸ் மட்டும் என்றால் சமையலறைக்கு வாங்குகிற, மூடியில் ரப்பர் வளையமும் நான்கு பக்கம் க்ளிப்பும் இருக்கிற பிளாஸ்டிக் டப்பா போதும். பத்து லிட்டர் அளவு என்றால் தாராளமாக இருக்கும். அதில் 100 முதல் 200 கிராம் சிலிகா ஜெல் துணிப் பையில் கட்டிப் போடுங்கள், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்று. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், மேலே சொன்ன 80 சதவீதக் காற்று பத்து லிட்டரில் இருக்கும் மொத்த நீரே கால் கிராம்தான். சிலிகா ஜெல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரைச் சாதாரணமாகப் பிடித்துக்கொள்ளும், அதாவது 100 கிராமுக்கு 20 கிராம். அப்படியிருந்தும் ஜெல் சில வாரத்தில் நிறைந்துவிடுகிறது என்றால் டப்பா கசிகிறது, அல்லது அடிக்கடி திறக்கிறீர்கள், அல்லது உள்ளே ஈரத்தைச் சுமந்த வேறு பொருள் இருக்கிறது. பெரும்பாலும் அந்த வேறு பொருள் லென்ஸோடு வந்த தோல் உறைதான். உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் டப்பாவுக்குள் போகக் கூடாது. தோலும் ஸ்பாஞ்சும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக வெளியே விடும், பூஞ்சைக்குத் தீனியாகவும் ஆகும். கேமரா பையும் அப்படியே. பை எடுத்துப் போவதற்கு மட்டும், வீட்டுக்கு வந்ததும் லென்ஸ் வெளியே வந்துவிட வேண்டும்.

சிலிகா ஜெல்லில் நிறம் மாறும் வகையாக வாங்குங்கள், நிறைந்துவிட்டது என்று அதுவே சொல்லும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறுவதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நச்சு, சமையல் ஓவனுக்குள்ளும் வாணலியிலும் போடக் கூடாத பொருள். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறும் வகை கிடைத்தால் அதையே எடுங்கள், அதையும் சூடாக்கத் தனிப் பாத்திரம் வைத்துக்கொள்வது நல்லது. 110, 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் ஈரம் போய்ப் பழைய நிறம் திரும்பும். ஆறிய பிறகுதான் டப்பாவுக்குள் வைக்க வேண்டும். அரிசியைப் போட்டு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். அரிசி ஈரத்தைச் சுமாராகத்தான் எடுக்கும், அதன் மாவுத் தூசி பூஞ்சைக்கு விருந்து. பாச்சை உருண்டையும் கற்பூரமும்கூட வேண்டாம், மூடிய டப்பாவுக்குள் ஆவியாகிற பொருள் கண்ணாடியில்தான் போய்ப் படியும்.

ஹைக்ரோமீட்டர் மலிவானது என்றால் நான்கைந்து சதவீதம் தப்பாகக் காட்டுவது சகஜம். சரிபார்க்க வீட்டிலேயே வழி உண்டு. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை நிரப்பி, சில சொட்டு தண்ணீர் விட்டுக் கரைந்து போகாமல் ஈரமாக மட்டும் ஆக்கி, மீட்டரோடு சேர்த்து ஜிப் கவருக்குள் காற்றுப் புகாமல் மூடி ஓர் இரவு விடுங்கள். உப்பு அந்தக் காற்றை 75 சதவீதத்தில் நிறுத்தும். மீட்டர் 70 காட்டினால் இனி அதில் எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள்.

டப்பாவுக்குள் இருக்க வேண்டியது 40 முதல் 50 சதவீதம். இன்னும் காய்ந்தால் இன்னும் நல்லது என்று நினைத்து 20, 25 என்று இறக்க வேண்டாம், அவ்வளவு வறட்சி கிரீஸுக்கும் ரப்பருக்கும் ஆகாது. நாலைந்து லென்ஸுக்கு மேல் சேர்ந்துவிட்டால் மின்சார டிரை கேபினெட் (உள்ளே ஈரத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி) ஒன்று வாங்கிவிடுங்கள். சில ஆயிரம் ரூபாயில் சின்ன அளவு கிடைக்கிறது, கரண்ட் மிகக் குறைவாகவே இழுக்கும், 45-இல் வைத்துவிட்டால் தானே பார்த்துக்கொள்ளும். ஒன்றுக்கு மேல் லென்ஸ் வாங்குவோம் என்று மனதுக்குத் தெரிந்தவர்கள் முதலிலேயே இதை வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

சரி, இடம் தயார். என்ன வாங்கலாம்? முதல் லென்ஸ் 50 மிமீ குவியத்தூரத்தின் சுற்றுவட்டாரத்தில் ஒரு பிரைம் லென்ஸாக, அதாவது குவியத்தூரம் மாறாத லென்ஸாக இருக்கட்டும், ஜூம் வேண்டாம். பழைய ஜூம்களில் உள்ளே கண்ணாடிகளும் இடைவெளிகளும் அதிகம், ஒவ்வொரு முறை முன்னும் பின்னும் இழுக்கும்போது வெளிக்காற்றையும் தூசியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், பூஞ்சை பிடித்தால் பிரித்துச் சேர்ப்பதும் பெரிய வேலை. 50 மிமீ லென்ஸ்கள் அந்தக் காலத்தில் கேமராவோடு சேர்ந்தே விற்றவை, அதனால் ஏராளம், அதனால் விலையும் அடக்கம். நம் ஊர் ஸ்டுடியோக்களிலும் வீடுகளிலும் இருந்த பென்டாக்ஸ் கே1000, யாஷிகா எஃப்எக்ஸ்-3 போன்ற கேமராக்களின் முகப்பில் பாருங்கள். கே1000-உடன் வந்தது பெரும்பாலும் எஸ்எம்சி பென்டாக்ஸ்-எம் 50 மிமீ எஃப்/2, யாஷிகாவில் டிஎஸ்பி அல்லது எம்எல் என்று எழுதிய 50 மிமீ இருக்கும். எம்எல் என்றால் பல அடுக்குக் கோட்டிங், எதிர்வெளிச்சத்தில் டிஎஸ்பியை விட நன்றாகத் தாங்கும். சோவியத் நாட்டில் செய்த ஹீலியோஸ் 44-2 என்கிற 58 மிமீ எஃப்/2 லென்ஸுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள், பின்னணியில் இலைகளும் விளக்குகளும் சுழல்கிற மாதிரி படம் தரும். ஸைஸின் பயோடார் என்கிற லென்ஸைப் பார்த்துச் செய்தது அது. ஆறே கண்ணாடி, எளிய கட்டமைப்பு, பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவர்களுக்குச் சுலபமானது, நம் ஊருக்கு அது பெரிய நன்மை.

எந்த லென்ஸும் உங்கள் கேமராவில் உட்காருமா என்பதற்கு ஒரே விதிதான். லென்ஸின் அடிப்பகுதிக்கும் சென்சாருக்கும் இடையே ஒவ்வொரு மவுண்டுக்கும் (லென்ஸ் கேமராவில் பொருந்தும் வாய்) ஒரு நிலையான தூரம் உண்டு. எம்42 என்கிற மரை மவுண்டுக்கும் பென்டாக்ஸ் கே மவுண்டுக்கும் 45.46 மிமீ, கேனன் எஃப்டிக்கு 42, நிக்கான் எஃப்புக்கு 46.5. சோனி இ மவுண்ட் மிரர்லெஸ் கேமராவில் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத வகை) அந்தத் தூரம் வெறும் 18 மிமீ, நிக்கான் இசட்டில் 16, கேனன் ஆர்எஃப்பில் 20. மீதித் தூரத்தை ஒரு உலோகக் குழாய் நிரப்புகிறது, அடாப்டர் என்பது அதுதான், கண்ணாடி எதுவும் தேவையில்லை. மிரர்லெஸ் வைத்திருந்தால் கவலையே இல்லை. அந்தக் கண்ணாடி உள்ள கேனன் டிஎஸ்எல்ஆரில் தூரம் 44 மிமீ என்பதால் எம்42 லென்ஸ் போடலாம். நிக்கான் டிஎஸ்எல்ஆரில் கேமராவின் தூரமே லென்ஸ் கேட்பதை விட அதிகம், தூரத்தில் இருக்கும் எதிலும் போகஸ் கிடைக்காது. அந்த கேமராக்காரர்கள் பழைய நிக்கான் லென்ஸ்களையே தேடுவது மேல், அதிலும் 1977-இல் வந்த ஏஐ (AI) என்கிற மவுண்ட் வகையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், அதற்கு முந்தியவை பல கேமராக்களின் மவுண்டில் இருக்கும் சின்ன நெம்புகோலை உடைத்துவிடும். போகஸ் கையால், அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) கையால், கேமரா மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் அடிக்க அனுமதிக்கும் அமைப்பை ஆன் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

வாங்கும்போது பார்ப்பதுதான் இந்த விஷயத்தின் உயிர். விற்பவர் படத்தில் முன் கண்ணாடி பளபளப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், பூஞ்சை உள்ளே இருக்கும். கையில் எடுத்து, இரண்டு மூடியையும் கழற்றி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து வைத்து, போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். அப்புறம் திருப்பி முன்னாலிருந்து அடித்துப் பின்னால் பாருங்கள். நேராகப் பார்த்தால் வெளிச்சம் கண்ணைக் கூசும், எதுவும் தெரியாது, லென்ஸைக் கொஞ்சம் சாய்த்து டார்ச் ஓரத்தில் இருக்கும்படி வைத்தால் எல்லாம் எழுந்து நிற்கும். கிளை பிரிந்து பரவும் மெல்லிய நூல்களாகத் தெரிந்தால் பூஞ்சை. எங்கும் சமமாகப் புகை படிந்த மாதிரி இருந்தால் அது மங்கல், பெரும்பாலும் கிரீஸ் ஆவி, துடைக்கக் கூடியது. விளிம்பிலிருந்து வானவில் நிறத்தில் படலமோ வளையமோ உள்ளே வந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன என்று அர்த்தம், அதைச் சரிசெய்வது லென்ஸின் விலையை விட அதிகமாகும், தொடாதீர்கள். புள்ளி புள்ளியாகத் தூசி இருப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். நாற்பது வருட லென்ஸில் தூசி இல்லாமல் இருக்காது, படத்தில் அது தெரியவும் தெரியாது. டார்ச் வெளிச்சத்தில் எந்த லென்ஸும் மோசமாகத்தான் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள், தூசியைப் பார்த்துப் பயந்து நல்ல லென்ஸை விட்டுவிட்டு வருகிறவர்கள் நிறைய.

பின் கண்ணாடியில் இருக்கும் குறை முன் கண்ணாடியில் இருப்பதை விடப் படத்தை அதிகம் கெடுக்கும். முன்னால் ஒரு கீறல் என்றால் விலையைக் குறைத்து வாங்கலாம், பின்னால் பூஞ்சை அரித்த தடம் என்றால் வேண்டாம். அப்பர்ச்சர் ரிங்கைத் திருப்பிப் பாருங்கள், துளையைச் சுருக்கும் பிளேடுகள் காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் மினுமினுத்தால் நம் வெயிலில் அது இன்னும் பரவி ஒட்டிக்கொள்ளும். போகஸ் ரிங் ஒரே இழுவையில், நெருடல் இல்லாமல், கடைசி வரை போக வேண்டும். கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் பழைய கிரீஸ் காய்ந்திருக்கிறது, மாற்றலாம். மணல் அரைக்கிற சத்தம் வந்தால் கடற்கரையில் புழங்கிய லென்ஸ், விட்டுவிடுங்கள். ஆன்லைனில் வாங்குகிறீர்கள் என்றால் டார்ச் அடித்துச் சாய்த்து எடுத்த வீடியோ கேளுங்கள், தர மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். முடிந்தால் கேமராவில் மாட்டி, விளக்கோ சூரியனோ படத்தின் சட்டகத்துக்குச் சற்று வெளியே இருக்கும்படி ஒரு படம் எடுங்கள், லேசான பூஞ்சையும் மங்கலும் சாதாரணப் படத்தில் ஒளிந்துகொள்ளும், எதிர்வெளிச்சத்தில் கருப்பெல்லாம் சாம்பலாகி மாட்டிக்கொள்ளும்.

வாங்கி வந்தாயிற்று. தினசரிப் பழக்கத்தில் ரொம்ப முக்கியமானது ஏசி அறை. 24 டிகிரி அறையிலிருந்து லென்ஸை எடுத்துக்கொண்டு, 33 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள வெளிக்காற்றுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் 27 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளிலும் நீர் படியும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வேர்ப்பது போலத்தான், ஆனால் லென்ஸ் உள்பக்கமும் வேர்க்கலாம். அதனால் அறைக்குள்ளேயே லென்ஸை ஜிப் கவரில் போட்டுக் காற்றை அமுக்கி மூடி, வெளியே போய் அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். நீர் கவரின் மேல் படிந்து காயும். ஏசி காரிலிருந்து இறங்கும்போதும் இதே கதைதான். மழையில் நனைந்து வந்தால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் சில மணி நேரம் விட்டு, அப்புறம் டப்பாவுக்குள். ஈரத்தோடு உள்ளே வைத்து மூடுவது பையில் வைப்பதை விட மோசம்.

துடைப்பதை முடிந்த அளவு குறையுங்கள். முதலில் ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள், அப்புறம் மென்மையான பிரஷ், அதற்கும் போகாத விரல் ரேகைக்கு மட்டும் லென்ஸ் துடைக்கும் காகிதத்தில் ஒரு சொட்டு திரவம் விட்டு நடுவிலிருந்து விளிம்புக்குச் சுற்றிச் சுற்றித் துடையுங்கள். திரவத்தை நேராகக் கண்ணாடியில் ஊற்றினால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். சட்டை நுனியும் துண்டும் வேண்டவே வேண்டாம், பழைய கோட்டிங்குகள் இப்போதையதை விட மென்மையானவை, துணியில் ஒட்டிய ஒரு மணல் துகள் போதும்.

பூஞ்சை வந்தேவிட்டால்? வெயிலில் காயவைத்தால் போய்விடும் என்று சொல்வார்கள். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் பூஞ்சைக்கு ஆகாதுதான், ஆனால் லென்ஸின் கண்ணாடியே அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது, செத்த பூஞ்சையும் இருந்த இடத்தில்தான் இருக்கும், சூட்டில் கிரீஸ் உருகிப் பிளேடுகளுக்கு வந்துவிடும். அதைவிட முக்கியம், மூடி கழற்றிய லென்ஸ் சூரியனை நோக்கி இருந்தால் வெளிச்சத்தைக் குவித்து மேசைத் துணியையோ காகிதத்தையோ பற்றவைக்கும். ஆளில்லாமல் ஜன்னலோரம் விடவே கூடாது. வெயில் உண்மையிலேயே உதவுகிற ஒரு இடம் உண்டு: பென்டாக்ஸின் 50 மிமீ எஃப்/1.4 டாகுமார் லென்ஸ்களில் பலவற்றின் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது, வயதாக ஆகக் கண்ணாடி மஞ்சளாகிவிடும். புற ஊதா எல்இடி விளக்குக்குக் கீழே சில நாட்கள் வைத்தால் அந்த மஞ்சள் கணிசமாகக் குறையும், வெயிலை விட அதுவே பத்திரமான வழி. தோரியத்தின் கதிர்வீச்சு மிகக் குறைவு, படம் எடுப்பவருக்கு ஆபத்தில்லை, அந்தக் கண்ணாடியைத் தேய்த்துத் தூளாக்காமல் இருந்தால் சரி.

பூஞ்சைக்கு உண்மையான மருந்து பிரித்துத் துடைப்பதுதான். லென்ஸ் ஸ்பானர், சரியான ஸ்க்ரூடிரைவர், ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளும் பொறுமை எல்லாம் இருந்தால் ஹீலியோஸ் போன்ற ஒன்றில் கற்றுக்கொள்ளலாம். போகஸ் மரையை முழுக்கக் கழற்றும் முன் அது எந்த இடத்தில் விடுபடுகிறது என்று கோடு போட்டுக்கொள்ளாவிட்டால் திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு. மற்றவர்கள் கேமரா பழுதுபார்க்கிறவரிடம் சீக்கிரம் கொண்டு போங்கள், பூஞ்சை நூல் கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும்போதே. கொடுக்கும் முன்பு கேட்க வேண்டியது, கோட்டிங் அரித்திருக்கிறதா, துடைத்தால் தடம் மிஞ்சுமா, என்ன செலவாகும் என்பது. தடம் லேசாக மிஞ்சினாலும் லென்ஸைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் நிழல் மறைப்பு) போட்டு, எதிர்வெளிச்சத்தைத் தவிர்த்து எடுத்தால் படம் அருமையாகவே வரும். பூஞ்சை பிடித்த லென்ஸை மற்றவற்றோடு வைத்தால் ஒட்டிக்கொள்ளுமா என்றால், வித்துகள் எங்கும் இருக்கின்றன என்பதால் 45 சதவீதத்தில் இருக்கும் கேபினெட்டில் அதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். ஆனாலும் துடைத்து முடிக்கும் வரை தனி டப்பாவில் வைப்பது நல்லது. துடைத்து வந்த லென்ஸை முதல் சில மாதங்களுக்கு மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள், துடைப்பதில் எங்காவது விட்டுப்போயிருந்தால் அந்த இடத்திலேயே மறுபடி தலைகாட்டும்.